கூடம் கோணல்

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் நடனமாட இடம் கிடைப்பது எளிது. அந்த இடத்தில் ஆடக் கிடைப்பதுதான் அரிது. நகர எல்லைக்குள் சுமார் 31 லட்சம் பேர் வசிக்கிறார்கள். புறநகரையும் சேர்த்தால் 1.3 கோடியைத் தாண்டும். இவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரின் நடனமான டாங்கோவை ஆடுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விமான நிலையத்திலிருந்து ஏற்றிவரும் டாக்சி ஓட்டுநர் வழிநெடுகக் கால்பந்தைப் பற்றிப் பேசுவார். டாங்கோ ஆடத் தெரியுமா என்று கேட்டால், தாத்தா ஆடுவார் என்பார்.

ஆடுகிறவர்கள் சிறுபான்மைதான். ஆனால் அந்தச் சிறுபான்மை வாரத்தின் ஏழு நாளும், பிற்பகலில் தொடங்கி மறுநாள் விடியும்வரை, ஊரின் ஏதோ ஒரு மூலையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. 2009இல் யுனெஸ்கோ டாங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து விண்ணப்பித்துப் பெற்ற பெருமை அது. டாங்கோ உலகத்துக்கே சொந்தம் என்பதில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போயின. நடுவே இருக்கும் ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தது என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பிறப்பு எதுவாக இருந்தாலும் வளர்ப்பு துறைமுகத்தில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆண்கள் பிழைக்க வந்தார்கள். பெண்கள் குறைவு, போட்டி அதிகம். கிடைக்கிற ஒரு நடனத்தில் சொதப்பினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது. ஆகவே ஆண்களோடு ஆண்களே பயிற்சி செய்தார்கள். பிற்காலத்திலும் இந்த வழக்கம் நீடித்தது. பயிற்சிக் கூடத்துக்கு வரும் இளைஞன் முதலில் மாதக்கணக்கில் பெண்ணின் பாகத்தை ஆடிப் பழக வேண்டும். பிறகுதான் ஆணின் பாகத்தை ஆட விடுவார்கள். இசைக்கருவி வந்த கதையும் விசேஷமானது. டாங்கோவின் உயிர்நாடியான பாண்டோனியன் என்ற துருத்திப் பெட்டி, ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்து ஹைன்ரிக் பாண்ட் என்பவரின் பெயரைத் தாங்கியது. ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களில் துதிப்பாடல்களுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பெட்டி, அட்லாண்டிக்கைக் கடந்ததும் வேறு தொழிலுக்கு மாறிவிட்டது.

ஆடப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எங்கே போகக் கூடாது என்பது. விடுதியின் வரவேற்பு மேசையில் டாங்கோ என்று வாயெடுத்தால் போதும், வண்ண வண்ணத் துண்டுப் பிரசுரங்கள் கைக்கு வரும். அவை இரவு விருந்தோடு கூடிய காட்சிக் கூடங்கள். பாடகர் எட்முண்டோ ரிவேரோ 1969இல் தொடங்கிய எல் வியேகோ அல்மசேன் அவற்றில் பேர்பெற்றது. அங்கே மேசையில் பெரிய மாட்டிறைச்சித் துண்டும் ஒயினும் வரும். மேடையில் இருபது விரலும் இடுப்பும் எதிரெதிர்த் திசையில் பறக்கும் கலைஞர்கள் வருவார்கள். பார்க்கிறவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எழுந்து ஆட இடம் இல்லை. லா போக்கா வட்டாரத்தில் கமினித்தோ என்ற வண்ணத் தெரு இருக்கிறது. அங்கே தொப்பி வைத்த ஆடவரோ கீறல் பாவாடை அணிந்த பெண்மணியோ சுற்றுலாப் பயணியைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்கவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். ஊருக்கு அனுப்ப நல்ல படம் கிடைக்கும். அதற்கும் நடனத்துக்கும் சம்பந்தமில்லை.

ஊர்க்காரர்கள் ஆடுமிடம் மிலோங்கா எனப்படும். அந்தக் கூட்டத்துக்கும் அதே பெயர். அங்கே இடையிடையே ஒலிக்கும் துள்ளலான தாள வகைக்கும் அதே பெயர். குழப்பம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். தீராத குழப்பம் வேறொன்று: ஒரே மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு மிலோங்கா, வியாழக்கிழமை வேறொரு மிலோங்கா. நடத்துகிறவர் வேறு, வருகிறவர்கள் வேறு, சட்டதிட்டமும் வேறு. மண்டபம் வெறும் கட்டடம். மிலோங்கா என்பது அன்றைக்கு அதை வாடகைக்கு எடுத்தவரின் குணம். ஆகவே எங்கே ஆடலாம் என்று கேட்கிறவரிடம் ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி, இன்றைக்கு என்ன கிழமை என்பதுதான். அன்றன்றைய விவரத்துக்கு ஹோய் மிலோங்கா என்ற இணையப் பட்டியல் உண்டு. அச்சிட்ட வழிகாட்டி நூல்களை நம்பிப் போகிறவர், கதவு பூட்டிய கட்டடங்களைப் பற்றி நல்ல அறிவு பெறுவார்.

பலேர்மோ வட்டாரத்தில் இருக்கும் சலோன் கேனிங் வெளிநாட்டுக்காரர்களுக்கு முதலில் காட்டப்படும் மண்டபம். தரை நல்ல மரத்தரை. வழுவழுப்பும் பிடிமானமும் வேண்டிய அளவில் இருக்கும். பெயர்க் கதை அதைவிடச் சுவையானது. மண்டபம் இருக்கும் சாலைக்கு ஒரு காலத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங்கின் பெயர். பிறகு அதை எடுத்துவிட்டு, அர்ஜென்டினாவின் ரயில்வேயை ஆங்கிலேயர் கையில் வைத்திருந்ததைக் கடுமையாகச் சாடிய எழுத்தாளர் ராவுல் ஸ்கலாப்ரினி ஒர்திஸின் பெயரைச் சூட்டினார்கள். சாலை விடுதலை அடைந்தது. நடனக் கூடம் மட்டும் இன்னும் வெள்ளைக்காரர் பெயரிலேயே இருக்கிறது. ஆடுகிறவர்கள் யாரும் இதற்காகப் போராடியதாகத் தகவல் இல்லை.

அதே பலேர்மோவில், ஆர்மீனியச் சங்கக் கட்டடத்தின் நிலவறையில் லா விருத்தா இயங்குகிறது. முன்னிரவில் அது ஒரு பள்ளிக்கூடம். ஆரம்பநிலை, நடுநிலை என்று பிரித்து வகுப்புகள் நடக்கும்; நூறு ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் தவறு செய்யும். பிற கூடங்கள் மூடிய பிறகு, அதிகாலை மூன்று மணிவாக்கில், அங்கெல்லாம் ஆடி முடித்த கைதேர்ந்தவர்கள் இங்கே வந்து சேர்வார்கள். வகுப்புக்கு வந்த மாணவர்கள் அப்போது உறங்கப் போயிருப்பார்கள். ஒரே இடத்தில் ஒரே இரவில் இரண்டு உலகம், இரண்டும் சந்திப்பதில்லை. விடியும் நேரத்தில் காப்பியும், மெதியலூனா என்ற பிறை வடிவ இனிப்பு ரொட்டியும் கிடைக்கும்.

அல்மாக்ரோவில் உள்ள லா கதெத்ரல் ஒரு பழைய கிடங்கு. உயரமான கூரை, மங்கிய வெளிச்சம், ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள், சுவரெங்கும் ஓவியங்கள், நடுவில் தொங்கும் மாபெரும் சிவப்பு இதயம். இங்கே உடைக் கட்டுப்பாடு கிடையாது, கெடுபிடி கிடையாது. மாட்டிறைச்சியே மதமாக இருக்கும் நாட்டில், இங்கே சமையலறை சைவம். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. லா கதெத்ரலின் பலகைத் தரையைப் பார்த்தால் அந்தப் பெண்மணி மீது போட்ட பழியை வாபஸ் வாங்கத் தோன்றும். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். கற்றுக்குட்டிகள் கூசாமல் தரையைக் குறைசொல்லக்கூடிய ஒரே இடம் என்பதால், தொடக்கக்காரர்களுக்கு இதைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம்.

நகர நடுவில் எல் பெசோ. படியேறிப் போனால் சின்ன கூடம், தாழ்ந்த வெளிச்சம், நெருக்கமாக மேசைகள். சான் கிறிஸ்தோபால் பகுதியில் கிளப் கிரிசெல். இவை பழைய ஆசாரம் குறையாத இடங்கள். சுயிப்பாச்சா தெருவில் 1912இல் திறக்கப்பட்ட கொன்ஃபிதெரியா இதெயால் என்ற காப்பி மாளிகையின் மாடியில், பளிங்குத் தூண்களுக்கு நடுவே, பல ஆண்டுகள் மிலோங்கா நடந்தது. சாலி பாட்டர் 1997இல் வெளியிட்ட டாங்கோ படத்தில் அந்தக் கூடத்தைப் பார்க்கலாம். 2016இல் புதுப்பிக்க மூடினார்கள். 2022இல் திறந்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. இப்போது அங்கே கேக் சாப்பிட வரிசையில் நிற்கிறார்கள்.

உண்மையில் ஊரின் சிறந்த தளங்கள் சுற்றுலா வரைபடத்தின் விளிம்புக்கு வெளியே, வடமேற்கில் வில்லா உர்கிசா என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கின்றன. சன்டர்லேண்ட் ஒரு விளையாட்டுக் கிளப். சனிக்கிழமை இரவு அதன் கூடைப்பந்துத் தளத்தில் மேசை விரிப்புகள் வரும். மேலே வளையங்கள், கீழே ஆட்டக்களத்தின் கோடுகள், பளீரென்ற வெள்ளை விளக்கு. இருட்டில் மறைக்க ஒன்றும் இல்லை. பேரன் பேத்திகளோடு மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடும். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் கைத்துடைக்கும் துணியை மடித்து வைத்துவிட்டு எழுவார். மனைவியின் முதுகில் வலது கையை வைப்பார். பிறகு அரை நிமிடம் ஒன்றும் செய்ய மாட்டார். இசையில் தனக்கு வேண்டிய இடம் வந்ததும் ஒரே ஒரு அடி எடுத்து வைப்பார். காட்சிக் கூடத்தில் காலைச் சுழற்றுகிறவர்கள் இரண்டு மணி நேரம் செய்வதை எல்லாம் அந்த ஓர் அடிக்கு ஈடாகச் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருக்கும் சின் ரும்போ கிளப்பில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கத் தரை. பெயருக்கு ‘திசையில்லாமல்’ என்று பொருள். உள்ளே எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுகிறார்கள்.

காசு செலவில்லாமல் ஆட நினைப்பவருக்கு பர்ராங்காஸ் தே பெல்கிரானோ பூங்காவில் லா குளோரியெத்தா என்ற இசைமண்டபம் இருக்கிறது. வட்ட மேடை, தூண்கள், மேலே கூரை, சுற்றிலும் மரங்கள். மாலையில் ஒலிபெருக்கி வரும், கூட்டம் வரும், கடைசியில் தொப்பி ஒன்று சுற்றி வரும், விரும்பியதைப் போடலாம். தரை கரடு, செருப்பு தேயும். ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோவின் தொரேகோ சதுக்கத்தில் பழம்பொருள் சந்தை கலைந்ததும் அதே இடத்தில் ஆட்டம் தொடங்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஆடுவதும், ஆட வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பதும் அங்கே சகஜம்.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். அழைப்பில் இரவு 10 மணி என்று போட்டிருந்தால், அது நடத்துகிறவர் கதவைத் திறக்கும் நேரம். அந்நேரம் ஊர் இன்னும் இரவு உணவுக்கு உட்காரவில்லை. நள்ளிரவுக்குப் பிறகுதான் கூடம் நிறையும். பத்து மணிக்குப் போகிறவருக்கு விசாலமான தளமும் பணியாளர்களின் அனுதாபமும் கிடைக்கும். பிற்பகல் மிலோங்காக்களும் உண்டு. ஓய்வுபெற்றவர்களும், இரவில் வெளியே போகக் காரணம் சொல்ல முடியாதவர்களும் அங்கே வருவதாக ஊரில் பேச்சு. நுழைவுக் கட்டணத்தை இங்கே எண்ணில் எழுதிப் பயனில்லை. 2023இல் அந்த நாட்டின் பணவீக்கம் 211 விழுக்காடு. எழுதி முடிக்குமுன் விலை மாறிவிடும்.

காலணி முக்கியம். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பும், முழங்கால் திரும்பாது. அதனால் தோல் அடி வேண்டும். பெண்களுக்கான டாங்கோ காலணிக்கு அரெனாலெஸ் தெருவில் கோம் இல் ஃபோ என்ற கடை உலகப் பிரசித்தம். ஆடத் தெரியாதவர்களும் அங்கே இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஆண்கள் ஒரு மாற்றுச் சட்டை, கைக்குட்டை, வாய்க்கு ஒரு புதினா மிட்டாய் கொண்டுபோவது மரபு. நெருங்கி அணைத்து ஆடும் நடனத்தில், பன்னிரண்டு நிமிடம் இன்னொருவர் மூக்கு நம் கழுத்தருகே இருக்கும். மாற்றுச் சட்டை கலை நுட்பத்தில் பாதி.

இனி உள்ளே நுழையலாம். ஆசாரமான மிலோங்காவில் விரும்பிய இடத்தில் உட்கார முடியாது. நடத்துகிறவர் வந்து, ஆளை ஏற இறங்கப் பார்த்து, மேசை காட்டுவார். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் என்பதுபோல, பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் எதிர்ப்பக்கமும் இருப்பார்கள். முன்வரிசை நெடுங்கால வாடிக்கையாளர்களுக்கு. புதியவருக்குத் தூண் மறைவு. அடுத்த வாரமும் வந்தால் தூணிலிருந்து ஒரு மேசை முன்னேறலாம். ஜோடியாக வருகிறவர்களை ஓரமாக ஒன்றாக உட்கார வைப்பார்கள்; அவர்களை வேறு யாரும் ஆட அழைக்க மாட்டார்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு பேருடன் ஆட விரும்பினால் ஐந்து நிமிட இடைவெளியில் தனித்தனியே நுழைந்து, முன்பின் தெரியாதவர்கள்போல எதிரெதிரே உட்கார வேண்டும். சில தம்பதிகளுக்கு இதில் நடிப்பே தேவைப்படுவதில்லை.

அழைப்பு கண்ணால்தான். ஆண் எழுந்து போய்க் கைநீட்டிக் கேட்பது நாகரிகக் குறைவு, ஏனென்றால் மறுத்தால் ஊர் பார்க்க அவமானம். ஆகவே கூடத்தின் குறுக்கே பார்வை போகும். பெண்ணும் பார்த்தால், ஆண் புருவத்தை லேசாக உயர்த்துவார் அல்லது தலையைச் சற்றே சாய்ப்பார். பெண் தலையசைத்தால் ஒப்பந்தம் முடிந்தது. பெண்ணுக்கு விருப்பமில்லை என்றால் பார்வை மேசை மீதிருக்கும் தண்ணீர்க் குவளைக்கு நகரும். யாருக்கும் தெரியாது, யார் மனமும் நோகாது. கபெசேயோ எனப்படும் இந்த ஏற்பாட்டை நாகரிகத்தின் சிகரம் என்று ஊர்க்காரர்கள் கருதுகிறார்கள். கருதலாம், கிட்டப்பார்வை இல்லாதவரை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பதினைந்து மீட்டர் தூரத்தில் ஒரு பார்வை மூன்று பேர் மீது விழும். முன்மேசைப் பெண், பின்மேசைப் பெண், அவருக்குப் பின்னால் தட்டேந்தி நிற்கும் பணியாளர் ஆகிய மூவருமே தலையசைக்க வாய்ப்புண்டு. அதனால் ஒரு துணை விதி இருக்கிறது: ஆண் தளத்தைச் சுற்றி நடந்துவந்து தன் முன்னே நிற்கும்வரை, கண்ணை எடுக்காமல், பெண் நாற்காலியை விட்டு எழக் கூடாது. இந்த விதியை அறியாமல் எழுந்துவிட்ட வெளிநாட்டுப் பெண்கள், கைப்பையில் எதையோ தேடுவதுபோல நடித்தபடி கழிவறைப் பக்கம் நடப்பதை எந்த மிலோங்காவிலும் காணலாம். ஆண்கள் தங்கள் தோல்வியை மறைக்க மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்கள்.

இசை தொகுப்பு தொகுப்பாக வரும். ஒரே இசைக்குழுவின் மூன்று அல்லது நான்கு பாடல்கள் ஒரு தாந்தா. இரண்டு டாங்கோ தாந்தா, ஒரு வால்ஸ், மறுபடி இரண்டு டாங்கோ, ஒரு மிலோங்கா என்று சுழற்சி. நடுவே கோர்த்தினா என்ற சம்பந்தமில்லாத இசைத் துணுக்கு ஒலிக்கும். தளம் முழுவதும் காலியாகும். பார்வைப் போர் தொடங்கும். இசை 1935 முதல் 1955 வரையிலான பொற்காலத்தைத் தாண்டுவது அபூர்வம். 1935இல் ஹுவான் தாரியென்சோ தம் குழுவில் ரொதொல்ஃபோ பியாஹி என்ற பியானோக்காரரைச் சேர்த்துத் தாளத்தை முடுக்கியதும்தான் இளைஞர்கள் தளத்துக்குத் திரண்டார்கள். கார்லோஸ் தி சார்லி நிதானமானவர். நடக்கத் தெரிந்தவருக்கு அவர் போதும். ஒஸ்வால்தோ புல்யேசே பொதுவுடைமைக்காரர். அவரைச் சிறையில் போட்டபோது, குழு அவருடைய பியானோ மீது சிவப்புப் பூ வைத்துவிட்டுக் கச்சேரி செய்தது. அவருடைய தாந்தா இரவு முற்றிய பிறகே வரும். கற்றுக்குட்டிகள் அப்போது உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு.

கார்லோஸ் கார்தெலுக்கு இங்கே இடமில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். டாங்கோப் பாடகர்களின் சக்கரவர்த்தி. 1935 ஜூன் 24இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் விமான விபத்தில் மறைந்தவர். பெயரில் சுரங்க ரயில் நிலையம் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. சக்கரீத்தா இடுகாட்டில் இருக்கும் அவர் சிலையின் விரலிடுக்கில் ரசிகர்கள் இன்றும் சிகரெட் பற்றவைத்துச் செருகிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அவர் பாட்டுக்கு ஆடுவதில்லை, அது கேட்பதற்கு. இசையமைப்பாளர் பியாசோலாவும் அப்படித்தான். மிலோங்காவில் பியாசோலா வேண்டுமென்று கேட்கிறவருக்கு மேசை மறுபடி தூணுக்குப் பின்னால் போகும்.

ஜோடி தளத்துக்கு வந்ததும் உடனே ஆடத் தொடங்கக் கூடாது. பாட்டு தொடங்கி இருபது முப்பது விநாடி எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்: எந்த ஊர், எத்தனை நாள் தங்கல், இன்றைக்கு என்ன புழுக்கம். பிறகு யாரோ சொல்லி வைத்தாற்போலக் கூடம் முழுவதும் ஒரே கணத்தில் அணைத்துக்கொண்டு நகரும். முதல் தாளத்திலேயே கிளம்பிவிடும் புதியவர், நகராத ஐம்பது ஜோடிகளுக்கு நடுவே தனியாக முட்டிக்கொண்டு நிற்பார். நகர்வு எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், வரிசை வரிசையாக. முந்தக் கூடாது, பின்னால் காலை வீசக் கூடாது, நின்றுவிடவும் கூடாது. வெளியே சாலையில் கோட்டை மதிக்காமல் வண்டி ஓட்டிவந்த அதே மனிதர்கள், உள்ளே கோடே போடாத தரையில் தடம் மாறாமல் போகிறார்கள். போக்குவரத்துத் துறை ஆராய வேண்டிய விஷயம்.

பாட்டுகளுக்கு நடுவே நன்றி என்று சொல்லிவிடக் கூடாது. ‘கிராசியாஸ்’ என்றால் போதும், இத்தோடு விட்டுவிடு என்று அர்த்தம். இரண்டாவது பாட்டின் முடிவில், வளர்ப்பு நல்லதாக அமைந்த தமிழரோ ஜப்பானியரோ பணிவாக அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டு, எதிரே இருந்த பெண் முகம் இறுகித் திரும்பி நடப்பதைக் கண்டு திகைப்பது உண்டு. தாந்தா முடிந்ததும் பெண்ணை அவர் மேசைவரை கொண்டுவிட வேண்டும்; ரயில் வந்ததுபோல நடுவழியில் விட்டுவிட்டு ஓடக் கூடாது. ஒரே பெண்ணோடு அடுத்தடுத்து இரண்டு தாந்தா ஆடினால் கூடம் கவனிக்கும். மூன்று ஆடினால் கூடம் முடிவே செய்துவிடும். நடுவில் காப்பி குடிக்கப் போகலாமா என்று கேட்பது பழைய மிலோங்கா வழக்கில் காப்பியைப் பற்றிய கேள்வி இல்லை.

இந்தச் சட்டமெல்லாம் பிடிக்காதவர்களுக்கும் ஊரில் இடமுண்டு. லா மார்ஷல் போன்ற மிலோங்காக்களில் ஆண் ஆணோடும், பெண் பெண்ணோடும் ஆடலாம். ஜோடியை யார் நடத்துவது என்பது பேசி முடிவாகும். பழமைவாதிகள் முகம் சுளித்தபோது, டாங்கோவின் முதல் பயிற்சியாளர்கள் யார் யாரோடு ஆடினார்கள் என்பதை எடுத்துச் சொன்னால் போதுமானதாக இருந்தது. பிராக்திகா எனப்படும் பயிற்சிக் கூடுகைகளில் விதி தளர்வு. தடுக்கி விழுந்தால் நின்று பேசி மறுபடி செய்யலாம். துணை கிடைக்கவே இல்லை என்றால் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டாக்சி டான்சர் என்று பெயர். கட்டணம் ஏறினாலும் அவர்கள் முகத்தில் சலிப்புத் தெரியாது. அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

மிலோங்காக்கள் இன்றைக்கு இருப்பதே ஓர் ஆச்சரியம். 1955 ராணுவப் புரட்சிக்குப் பிறகு டாங்கோ தேய்ந்தது. ராக் இசை வந்தது. பொற்காலத்துக்காரர்கள் வீட்டோடு ஒடுங்கினார்கள். 1983இல் பாரிஸில் அரங்கேறி 1985இல் பிராட்வேக்குப் போன டாங்கோ அர்ஜென்டினோ என்ற நிகழ்ச்சியைப் பார்த்து வெளிநாட்டார் மயங்கியதும்தான் உள்ளூருக்கும் பழைய சொத்து நினைவு வந்தது. 2004 டிசம்பர் 30இல் ரெபூப்லிகா குரோமன்யோன் என்ற ராக் அரங்கில் தீப்பிடித்து 194 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நகர நிர்வாகம் எல்லா நடனக் கூடங்களையும் சோதித்தபோது, பல மிலோங்காக்கள் உரிமம் இல்லாமல் மூடப்பட்டன. வெளியேறும் வழி எங்கே என்று பார்த்துவிட்டு உட்காருவது அன்றிலிருந்து அந்த ஊரில் நல்ல பழக்கம்.

டாங்கோ தவிர்த்த லத்தீன் நடனங்கள் வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. சல்சா, பச்சாத்தா கூடங்களில் வகுப்பும் ஆட்டமும் ஒரே சீட்டில் கிடைக்கும். பார்வைப் போர் கிடையாது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உழைக்கும் மக்கள் சனிக்கிழமை இரவில் ஆடுவது கும்பியா. மத்தாதேரோஸ் வட்டாரத்து ஞாயிறு சந்தையில், குதிரைக்காரர்களுக்கும் பொரித்த எம்பனாடாக் கடைகளுக்கும் நடுவே, தெருவிலேயே சக்கரேரா ஆடுவார்கள். கைக்குட்டை வீசி ஆடும் சாம்பாவும் உண்டு. அணைப்பே இல்லாத நடனங்கள் என்பதால் மாற்றுச் சட்டை தேவைப்படாது. ஆசாரமான மிலோங்காவிலும்கூட நள்ளிரவுக்குப் பிறகு ஒரு தாந்தா சல்சாவோ ராக்கோ போடுவதுண்டு. அதுவரை புருவம் தவிர எதையும் அசைக்காத கனவான்கள் அப்போது தோளைக் குலுக்குவார்கள். பிறந்தநாள்காரர் யாராவது இருந்தால் ஒரு வால்ஸுக்கு அவரை நடுவில் விட்டு ஆளாளுக்கு மாறி மாறி ஆடுவார்கள். ஷாம்பெயின் பாட்டிலுக்குச் சீட்டுக் குலுக்கலும் நடக்கும். முன்வரிசைக்காரர்களுக்கே விழுவதாகத் தூண் மறைவுக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆகஸ்டில் உலக டாங்கோப் போட்டி நடக்கிறது, 2003இல் தொடங்கியது. கொரியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஜோடிகள் வந்து குவியும் மாதம் அது. கூடங்களில் கூட்டம் தாளாது, தரமும் அதிகம். சாவகாசமாக ஆட நினைப்பவர் மார்ச், ஏப்ரலில் போகலாம்.

மிலோங்காவின் கடைசிப் பாட்டு எங்கும் ஒன்றே: லா கும்பர்சீத்தா. புவெனஸ் ஐரிஸ் ஒவ்வோர் இரவும் முடித்துவைக்கும் அந்தப் பாட்டை இயற்றிய ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரிகெஸ், எதிர்க்கரையான உருகுவேயைச் சேர்ந்தவர். அது கேட்டதும் காலணியை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சுரங்க ரயில் இரவு 11 மணியை ஒட்டியே நின்றுபோயிருக்கும். கொலெக்திவோ என்ற நகரப் பேருந்துகளில் பல தடங்கள் இரவெல்லாம் ஓடும். அதில் நடத்துநர் கிடையாது, ரொக்கமும் வாங்க மாட்டார்கள். சூபே என்ற பயண அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருப்பது நல்லது.